முதுகில் வைத்த கை

ரங்கநாயகிக்கு ஒரு வியாதி உண்டு. யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள், முதுகைப் பார்ப்பாள். கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் மார்க்கெட்டில் கத்தரிக்காய் நிறுக்கிறவரிடம், “தாதா, உங்கள் இடது தோள் தொங்குகிறது, தராசைக் கை மாற்றிப் பிடியுங்கள்” என்று அண்ணன் முறை வைத்து வங்காளியில் சொல்லிவிட்டுத்தான் விலை கேட்பாள். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் கூன்தான் முதலில் கண்ணில் படும். ஒருமுறை ஹோமகுண்டத்தின் முன் உட்கார்ந்திருந்த வாத்தியாரிடமே, “முட்டிக்குக் கீழே ஒரு துண்டை மடிச்சு வெச்சுக்கோங்கோ, கால் மரத்துப் போகாது” என்று சொல்லிவிட்டாள். கூட்டம் சிரித்தது. வாத்தியார் துண்டை வைத்துக்கொண்டார். மந்திரம் அன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே போயிற்று.

இந்த வியாதியை அவளுக்கு ஒட்டவைத்தவள் சுப்ரியா. ரங்கநாயகி மன்னார்குடியிலிருந்து கல்யாணமாகிக் கல்கத்தா வந்து, அனன்யாவைப் பெற்று, அந்தப் பிரசவத்தோடு இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்தபோது, மாடி வீட்டு வங்காளிப் பெண் அவளை இழுத்துக்கொண்டு போய் சுப்ரியாவின் யோகா வகுப்பில் விட்டாள். சுப்ரியா இவளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள். கையில் மர ஸ்கேல், வாயில் ஒரே மந்திரம்: “ஷிர்தாரா ஷோஜா!” முதுகெலும்பை நேராக்கு என்று அர்த்தம். இடுப்பு வலி போயிற்று. மந்திரம் போகவில்லை. சில வருஷங்களில் ரங்கநாயகி தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் கார் நிற்காத கார் ஷெட்டைக் கழுவி, பாய் விரித்து, சொந்தமாக வகுப்பு ஆரம்பித்துவிட்டாள். பாடாவில், அதாவது அந்தப் பேட்டையில், பாதிப் பெண்கள் அவளுக்கு மாணவிகள். எல்லோருக்கும் அவள் ‘ரங்கா தி’, ரங்கா அக்கா.

நல்ல டீச்சர்தான், ஆனால் பொறுமை கிடையாது. கோணலாக நிற்கிற உடம்பைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. தோளை அழுத்துவாள், இடுப்பைத் திருப்புவாள், தாடையை உள்ளே தள்ளுவாள். “உடம்பு பொய் சொல்லாது. சோம்பேறித்தனம்தான் பொய் சொல்லும்” என்பாள். அவள் கை பட்டால் முப்பது வருஷத்துக் கழுத்து வலியும் போய்விடும் என்று பாடாவில் பேச்சு. அதை அவள் மறுத்ததும் இல்லை.

பக்தி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பெருமாள் அலமாரிக்கு விளக்கேற்றுவாள், வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைப்பாள், அவ்வளவுதான். அந்த இலாகா முழுவதும் அவள் கணவர் நரசிம்மனுடையது.

நரசிம்மன் ஒரு தேயிலைக் கம்பெனியில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆபீசில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் லேக் கார்டன்ஸ் தமிழர் வீடுகளில் முறை வைத்து நடக்கும் பஜனையில் அவர்தான் எடுத்துக் கொடுப்பவர். ஜால்ராவைத் தட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நாமத்தை அவர் எடுத்தால் கூடம் நிறைந்துவிடும். அவர் எப்படிக் கொடுக்கிறாரோ அப்படியே கூட்டம் வாங்கித் திருப்பிப் பாட வேண்டும் என்பது அந்தக் கோஷ்டியின் சட்டம். இழுத்தால் இழுக்க வேண்டும், முறித்தால் முறிக்க வேண்டும். கூட்டிக் குறைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எவ்வளவு தூரம் மதித்தார்கள் என்றால், ஒரு சித்திரை மாதப் புழுக்கத்தில் நரசிம்மன் நாமாவளியின் நடுவே ராகம் கலையாமல் “ஃபேனைக் கொஞ்சம் ஏத்துங்கோ” என்று கேட்க, இருபது பேரும் கண்ணை மூடியபடி அதே ராகத்தில் “ஃபேனைக் கொஞ்சம் ஏத்துங்கோ” என்று உருகிப் பாடினார்கள். ஃபேனை ஒருவரும் ஏற்றவில்லை.

சமையலறையில் சுண்டலைக் கிளறிக்கொண்டிருந்த ரங்கநாயகி சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டாள். “ஆட்டு மந்தை தோத்தது போங்கோ” என்று கணவரை ஒரு வாரம் கேலி செய்தாள். நரசிம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. “சட்டம்னா சட்டம்தான், ரங்கா. வாங்கிக்கறவா எடைபோடப்படாது” என்றார்.

அந்தக் குரலில்தான் இடி விழுந்தது.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் கோடையில், நாமங்கள் அவர் வாயில் வழுக்க ஆரம்பித்தன. ‘ர’ வரவேண்டிய இடத்தில் ஏதோ கொழகொழவென்று வந்தது. ஹார்மோனியம் வாசிக்கும் ராமகிருஷ்ணன், முப்பது வருஷ சிநேகிதத்தில் சொல்லக்கூடியதைச் சொன்னார்: “ஓய், பஜனைக்கு வரச்சேயாவது வாயிலிருக்கற பானைத் துப்பிட்டு வாரும்.” நரசிம்மன் பான் போடுவதை நிறுத்தியே இரண்டு மாதம் ஆகியிருந்தது. மெல்ல முடியவில்லை என்று நிறுத்தியிருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிற ஜாதி இல்லை அவர்.

ரங்கநாயகி பார்த்தாள். முதுகைத்தான் பார்த்தாள். நெஞ்சு உள்ளே விழுந்திருந்தது, தோள் முன்னால் வந்திருந்தது. நாற்காலியில் தேய்த்த உடம்பு, ரிட்டயர் ஆனதும் இன்னும் குழைந்துவிட்டது, மூச்சு அடிவயிற்றிலிருந்து வரவில்லை, அதனால்தான் குரல் நிற்கவில்லை என்று நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பாடாவில் எத்தனை பேரை நிமிர்த்தியிருக்கிறாள், வீட்டுக்குள்ளேயே ஒரு கூனை வைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு மானக்கேடாகவும் இருந்தது.

“கவலையே படாதீங்கோ. வைகுண்ட ஏகாதசிக்கு நீங்கதான் எடுக்கறேள். நான் பாட வெக்கறேன் உங்களை.”

அவர் அவளை நம்பினார். ஊரே நம்புகிற கை, கட்டினவர் நம்பமாட்டாரா?

மறுநாளிலிருந்து விடியற்காலையில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரை. நடக்கிறவர்கள், படகு தள்ளுகிறவர்கள், வட்டமாக நின்று வலுக்கட்டாயமாகச் சிரிக்கிறவர்கள் எல்லோருக்கும் நடுவில் ஒரு சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் நரசிம்மனை உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி கொடுத்தாள். முடிவில் சிம்மாசனம். கண்ணை அகல விழித்து, நாக்கை முழுக்க வெளியே நீட்டி, சிங்கம் மாதிரி கர்ஜிக்க வேண்டும். தொண்டைக்கு அதைவிட நல்லது கிடையாது.

அவர் நாக்கை நீட்டுவார். நாக்கு ஒரு இடத்தில் நிற்காது. மேல்தோலுக்குக் கீழே ஏதோ சின்னச் சின்னப் புழுக்கள் நெளிகிற மாதிரி, ஓரமெல்லாம் துடித்துக்கொண்டே இருக்கும்.

“நாக்கை ஸ்திரமா வைங்கோ.”

அவர் முயற்சி செய்வார். அது இன்னும் துடிக்கும்.

“ஆடறது பாருங்கோ, மனசு எங்கேயோ இருக்கு. நரசிம்மன்னு பேரை வெச்சுண்டு ஒரு கர்ஜனை வரலையே உங்களுக்கு!”

சிரிப்பு வட்டத்துக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், இந்த முறை நிஜமாகவே. நரசிம்மனும் சிரித்தார். பிறகு மறுபடி நாக்கை நீட்டினார். மழைக்காலம் முழுக்க, குடையும் கையுமாக, ஒவ்வொரு காலையும் அவள் எதிரில் உட்கார்ந்து அவர் அந்த நாக்கை நீட்டிக் காட்டினார். ஒவ்வொரு காலையும் அவள் அதைப் பார்த்தாள், திட்டினாள்.

துர்கா பூஜை வந்தது. தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்த அஷ்டமியன்று மத்தியானம், ரசம் சாதம் சாப்பிடும்போது நரசிம்மனுக்குப் புரையேறியது. சாதாரணப் புரையேறல் இல்லை. முகம் கறுத்து, கண் பிதுங்கி, மூச்சு உள்ளே போகாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஊரின் மறுகோடி நியூ டவுனிலிருந்து லீவுக்கு வந்திருந்த அனன்யாதான் பின்னாலிருந்து அப்பாவின் வயிற்றைக் கட்டிப் பிடித்து அழுத்தினாள். மூச்சு வந்தது. ரங்கநாயகி தட்டும் கையுமாக நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அம்மா, இனஃப். இது யோகா இல்லை, போஸ்சர் இல்லை. பூஜோ முடிஞ்சதும் நான் அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிண்டு போறேன். நீ வா, வராம இரு” என்றாள் அனன்யா. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், கோபம் வந்தால் மூன்று பாஷையும் கலந்து வரும்.

ரங்கநாயகி போனாள். பைபாஸ் சாலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் வயதானவர், மெல்லப் பேசுகிறவர். வந்த கதை எதையும் கேட்பதற்கு முன்னால் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் நாக்கை நீட்டுங்கள்” என்றார்.

நரசிம்மன் நீட்டினார். பழக்கதோஷம், கண்ணையும் அகல விழித்தார்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். சில விநாடிகள்தான். டார்ச்சை அணைத்துவிட்டு, நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் முகம் மாறியதை ரங்கநாயகி கண்டாள். அந்த நாக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. மற்ற பரிசோதனைகள், ஊசி குத்தி மின்சாரம் வைத்துப் பார்த்தது, ஸ்கேன் எல்லாம் பிறகு நடந்தன. மோட்டார் நியூரான் நோய். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும். இவருக்குத் தொண்டையிலும் நாக்கிலும் ஆரம்பித்திருக்கிறது. பிறகு கைக்கு வரும், கடைசியில் மூச்சுக்கு வரும். கொஞ்சம் நிதானப்படுத்த மாத்திரை உண்டு. திருப்ப ஒன்றும் இல்லை.

ரங்கநாயகி கேட்கவேண்டியதைக் கேட்டாள். “நான் முன்னாடியே பார்த்தேன், டாக்டர். தினமும் பார்த்தேன். அப்போதே கூட்டிக்கொண்டு வந்திருந்தால்?”

“இதையேதான் சொல்லியிருப்பேன், அம்மா. கொஞ்சம் முன்னதாகச் சொல்லியிருப்பேன்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. ‘உன்னால்தான் கெட்டது’ என்றிருந்தால் நெஞ்சிலடித்துக்கொண்டு அழலாம், பரிகாரம் தேடலாம். அவள் திட்டியதும் வீண், திட்டாமல் இருந்திருந்தாலும் வீண் என்றால் அந்தப் பாரத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இருபத்தைந்து வருஷமாகச் சூரிய நமஸ்காரம் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கண் எப்போதும் கெட்டுத்தான் இருந்திருக்கிறது.

சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் செய்தாள். தைலம் வரவழைத்துத் தேய்த்தாள். உள்ளங்காலில் புள்ளி பார்த்து அமுக்கினாள். தாடையைப் பிடித்துவிட்டாள், கழுத்தை நீவினாள். நரசிம்மன் எல்லாவற்றுக்கும் உடம்பைக் கொடுத்தார். ஆனால் அவள் கை அருகில் வரும்போதே தோளை இறுக்கிக்கொண்டு, நெஞ்சைத் தூக்கி நிமிர்ந்து உட்காருவதற்கு ஒரு முயற்சி செய்வார். முடியாது. முடியாதபோது மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வை அவளைக் கொன்றது.

கார்த்திகையில் குரல் முழுக்கப் போய்விட்டது. மொபைலில் தட்டிக் காட்ட ஆரம்பித்தார். ஒருநாள் சனிக்கிழமை பஜனைக்குக் கிளம்பச் சொன்னபோது, ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டி, மொபைலை அவள் பக்கம் திருப்பினார்.

‘நான் எடுக்காத பஜனைக்கு நான் எதுக்கு?’

அவர் மொபைலைத் திரும்ப வாங்கி இன்னொரு வரி தட்டினார்.

‘பாட வெக்கறேன்னு சொன்னியே.’

குற்றம் சாட்டவில்லை அவர். குழந்தை கேட்கிற மாதிரிதான் கேட்டார். ரங்கநாயகி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

நியூ டவுனில் ஒருத்தி ‘பாடிவொர்க்’ கற்றுக்கொடுக்கிறாள் என்று கண்டுபிடித்து அம்மாவைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனது அனன்யாதான். அப்பாவுக்குப் பிரயோசனப்படும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். உயரமான அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட். சொல்லிக்கொடுக்கிறவள் பெயர் பிரபா, கோயம்புத்தூர்ப் பெண், சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். கம்ப்யூட்டர் முன்னால் கழுத்தைத் தொலைத்த இளவட்டங்கள் பாயில் படுத்திருந்தார்கள். பிரபா அவர்கள் தோளில், முதுகில் கையை வைத்தாள். வைத்தாள், அவ்வளவுதான். அமுக்கவில்லை, நீவவில்லை, திருப்பவில்லை. ஒரு பையன் அதற்கே விம்மி விம்மி அழுதான்.

ரங்கநாயகியின் முறை வந்தது. அனன்யாவின் முதுகில் கைவைக்கச் சொன்னாள் பிரபா. வைத்த கை தன் பாட்டுக்கு மகளின் வலது தோள்பட்டையைக் கீழே தள்ளிற்று.

“அக்கா, எதையும் சரி பண்ணப் போகாதீங்க. கைக்கு அடியில என்ன நடக்குதோ அதை மட்டும் கேளுங்க.”

“கோணலா இருக்கேம்மா!” என்றாள் ரங்கநாயகி.

“இருந்துட்டுப் போகட்டுங்க.”

திரும்பி வரும்போது கேப்பில் அவள் பொரிந்து தள்ளினாள். சரி பண்ணாமல் கையை வைப்பதற்கு ஒரு வகுப்பாம், அதற்கு ஒரு டீச்சராம். வலிக்கிற இடத்தில் கையை வைக்க எருமைக்குக்கூடத் தெரியும். அனன்யா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, நீ இன்னிக்குத்தான் என்னைத் திருத்தாம தொட்டே. கடைசில ஒரு ரெண்டு நிமிஷம்” என்றாள்.

அன்று சாயங்காலம் நரசிம்மன் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். தைலக் கிண்ணத்தோடு பின்னால் வந்து நின்றவள், அவர் தோள் இறுகுவதைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். செய்வதற்கு வேறொன்றும் மிச்சமில்லை என்பதால்தான் செய்தாள், ஞானம் வந்து இல்லை. வெறுங்கையை அவர் முதுகில், விலா எலும்புகளுக்கு மேல் வைத்தாள். வைத்தபடி நின்றாள். அவர் நிமிரப் பார்த்தார். கை எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தோள்கள் இறங்கின. முதுகு அதன் கூனோடு அவள் உள்ளங்கையில் சாய்ந்தது. கீழே லெவல் கிராசிங்கில் லோக்கல் ரயில் போயிற்று, கேட் திறந்தது, ரிக்ஷாக்கள் மணியடித்துக்கொண்டு போயின. அவர் மொபைலை எடுக்கவில்லை. எழுத ஒன்றும் இல்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். வைத்தியம் என்று அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. அது எதையும் குணமாக்கவில்லை, கைவிரல்கள் அதே கணக்கில் செயலிழந்துகொண்டுதான் போயின.

ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னால் ராமகிருஷ்ணன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “மாமி, இந்த ஏகாதசி பஜனை உங்க ஆத்துலதான். அவர் வரலேன்னா நாங்க வரோம். எடுக்க ஆளில்லேன்னா நான் சும்மா ஸ்ருதி போட்டுண்டு உக்காந்திருக்கேன்” என்றார். நரசிம்மன் வேண்டாம் என்று தலையசைத்தார். ராமகிருஷ்ணன் அதைப் பார்க்காத மாதிரி காபி கேட்டார்.

கோஷ்டி வந்தது. கூடத்தில் இடமில்லாமல் சமையலறை வரை உட்கார்ந்தார்கள். நரசிம்மனை நாற்காலியில் வைத்து, விழாமல் இருக்க ரங்கநாயகி பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து முதுகில் கைவைத்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அவள் சமையலறையை விட்டுப் பஜனையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ராமகிருஷ்ணன் ஸ்ருதி பிடித்தார். ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்கவேண்டியவர் உட்கார்ந்திருக்கும்போது யார் எடுப்பது? ஹார்மோனியம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சங்கடம் தாங்காமல் யாரோ கனைத்தார்கள்.

அப்போது அவள் உள்ளங்கைக்கு அடியில் விலா எலும்புகள் விரிந்தன.

சாதாரண மூச்சு இல்லை அது. அவளுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க மூச்சைப் பார்த்துப் பிழைத்தவள். ஒரு நாமத்தை எடுப்பதற்காக இழுக்கிற மூச்சு. திரும்பிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு குவிந்தது. சத்தமில்லாமல் கேசவனைக் கூப்பிட்டது.

மூச்சு இறங்க ஆரம்பித்த இடத்தில் ரங்கநாயகி வாயைத் திறந்தாள். “கேசவா…” என்று எடுத்தாள். பாட்டுக் குரல் இல்லை அது, வகுப்பில் ‘மூச்சை உள்ளே இழு’ என்று கத்திக் கத்தித் தடித்த குரல். ஸ்ருதி எங்கேயோ, அவள் எங்கேயோ. மூச்சு இறங்கி முடிந்த இடத்தில் நிறுத்தினாள்.

கூட்டம் வாங்கிக்கொண்டது. அவள் கொடுத்த கட்டைக் குரலில், அதே கோணலோடு, இம்மி பிசகாமல் திருப்பிக் கொடுத்தது.

விலா மறுபடி விரிந்தது. எந்த நாமம் என்பதை உதடு சொல்லிற்று, எப்போது என்பதை முதுகு சொல்லிற்று. அவள் சத்தம் மட்டும் போட்டாள். நாராயணன், மாதவன் என்று போயிற்று. நரசிம்மன் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது. மற்றக் கை அவர் தோளைத் தாங்கியிருந்தது, துடைக்க அவளுக்குக் கை இல்லை. பக்தி என்றால் என்ன என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். பெருமாளை அவள் நினைக்கவே இல்லை. அடுத்த மூச்சு வரவேண்டும் என்று மட்டும் நினைத்தாள், அப்படி ஒன்றை அவள் அதுவரை யாரிடமும் வேண்டிக்கொண்டதில்லை.

கோவிந்தனை எடுத்தபோது மூச்சு பாதியில் தீர்ந்துவிட்டது. “கோவிந்…” என்ற இடத்தில் முதுகு கீழே விழுந்துவிட்டது. மீதி எழுத்து அவள் தொண்டையில் தயாராக நின்றது. யாராக இருந்தாலும் முடித்திருப்பார்கள். அவள் ஆயுசில் ஒரு கோணலை நேராக்காமல் விட்டதில்லை. ஆனால் கைக்கு அடியில் அவ்வளவுதான் இருந்தது. நிறுத்திக்கொண்டாள்.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு ராமகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டு, “கோவிந்…” என்றார். எல்லோரும் “கோவிந்…” என்றார்கள். அந்தப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ராமகிருஷ்ணன் அவளிடம் வந்து, “மாமி, நன்னா எடுத்தேள்” என்றார்.

“நான் எங்கே எடுத்தேன்? அவர்னா எடுத்தார்” என்றாள் ரங்கநாயகி. நரசிம்மன் மொபைலைக் கேட்டு வாங்கினார். விரல் சரியாகப் படாமல், வெகு நேரம் முயன்று, ‘பாட வெச்சுட்டே’ என்று காட்டினார். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

இதோடு கதையை நிறுத்தினால் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். நோய்க்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

சனிக்கிழமை பஜனை முறை வைத்து வீடு மாறுவதை நிறுத்திவிட்டு இவர்கள் வீட்டிலேயே நடந்தது. ரங்கநாயகி காலையில் வகுப்பு எடுத்தாள், மீதி நேரம் அவரைக் குளிப்பாட்டினாள், வயிற்றில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள். வகுப்பில் அவள் கை பழையபடி தோளை அமுக்கத்தான் போகும், சில நாள் அமுக்கியும் விடும். சுப்ரியா ஒருநாள் அவரை வந்து பார்த்துவிட்டு, ஸ்கேல் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பங்குனியில் அவர் மூச்சு ‘மாதவா’வுக்குப் போதவில்லை. சித்திரையில் ஒரு எழுத்து, இரண்டு எழுத்து. அவள் அந்த எழுத்தைக் கொடுத்தாள், கூட்டம் அந்த எழுத்தை வாங்கிக்கொண்டது. புதிதாக வந்த ஐ.டி. பிள்ளைகள் இது என்ன பஜனை என்று முழித்தார்கள். யாரும் விளக்கவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. முகத்தில் மூச்சு மெஷினின் மாஸ்க், உதடு தெரியவில்லை. தலையணைகளை அண்டக் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அனன்யா அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். ரங்கநாயகி தலையணைக்கும் முதுகுக்கும் நடுவே கையை நுழைத்து வைத்துக்கொண்டாள். ராமகிருஷ்ணன் ஸ்ருதி போட்டார்.

மெஷின் ஊதியது, விலா ஏறியது. மெஷின் விட்டது, விலா இறங்கியது. அது மெஷினின் மூச்சு. அவருடையது எங்கே என்று அவள் கை தேடியது. வெகு ஆழத்தில், மெஷினின் தாளத்துக்குச் சேராமல், ஒரு சின்ன இழுப்பு தெரிந்தது. எடுக்கப் போகிறார். அவள் வாயைத் திறந்தாள். இழுத்தது அப்படியே தீர்ந்துவிட்டது. ஒரு எழுத்துக்குக்கூட அது போதவில்லை.

எந்த நாமத்தை வேண்டுமானாலும் அவள் எடுத்திருக்கலாம். இப்போது எல்லாம் அவளுக்குப் பாடம். கூடம் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய்யாக ஒன்றைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவர் எதையும் கொடுக்கவில்லை. கூட்டம் அதை வாங்கிக்கொண்டது. தங்கள் முறைக்கு உண்டான நேரம் முழுவதும், ஒருவரும் கனைக்காமல், அசையாமல், அந்த ஒன்றுமில்லாததை அப்படியே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு, அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள்.

ரங்கநாயகிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லோர் எதிரிலும் வாய்விட்டு அழுதாள். கையை மட்டும் எடுக்கவில்லை.